மேனேஜரிடம் சொன்னது

கிடங்கில் அவளைக் கத்திரியக்கா என்பார்கள். சேதமான சரக்குப் பிரிவில் அவள் ஒருத்திதான். கிழிந்தது, நசுங்கியது, நனைந்தது எல்லாம் கடைசியில் அவள் மேசைக்கு வரும். பாக்கெட்டின் மேல் மூலையில் தேதியும் ஒரு எண்ணும் அச்சடித்திருக்கும். அந்த மூலையைக் கத்திரித்து எடுத்துவிட வேண்டும். மூலை போன பாக்கெட்டைக் கடையில் கொடுத்து மாற்ற முடியாது, விற்கவும் முடியாது. கத்திரி பட்ட பிறகு அது சரக்கில்லை. வேண்டியவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். மிச்சம் குப்பைக்கு.

சேர்ந்த புதிதில் ஒரு பிஸ்கட் பாக்கெட் மூலையோடு வெளியே போய்விட்டது. எடுத்துப் போனவன் அதைக் கடையில் நீட்டிப் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டான். திட்டு அவளுக்கு விழுந்தது. அதற்குப் பிறகு அவள் மேசையைத் தாண்டி ஒரு மூலையும் போனதில்லை. வெட்டிய மூலைகளைக் காலடியில் ஒரு வாளியில் போடுவாள். சாயங்காலம் வாளியைக் குப்பை நசுக்கும் இயந்திரத்தில் கொட்டிவிடுவாள்.

"அக்கா பக்கத்துல நிக்காதீங்கப்பா. சட்டை மூலையும் போயிடும்" என்பான் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவன். நாற்பது வயது ஆள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இந்த நகைச்சுவையைச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

"உன் வாய்க்கு மூலை இருந்தா முதல்ல அதத்தான் வெட்டுவேன்" என்பாள் அவளும், அதே மாதிரி.

வீட்டில் இந்த வாய் கிடையாது.

கணவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். முழங்கால் போன பிறகு வீட்டோடு இருந்தார். அவளுடைய அண்ணன் மருத்துவமனையில் கிடந்தபோது ஒரு மத்தியானம் அங்கிருந்து ஃபோன் வந்தது, உடனே வரச்சொல்லி. இரவு வேலை முடிந்து வந்து அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் தூங்கட்டும், பிறகு சொல்லலாம் என்று அவர் விட்டுவிட்டார். அவள் எழுந்து, முகம் கழுவி, செய்தி கேட்டு ஓடியபோது அண்ணனைத் துணியால் மூடியிருந்தார்கள். திரும்பி வந்து வாசலில் நின்றபடியே சொன்னாள்: "இனிமே என்கிட்ட ஒரு வார்த்தை பேசாதீங்க."

அவர் பேசவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர். லிஃப்டில் கதவைத் திறக்காதே என்று பலகை மாட்டியிருந்தால் உள்ளே யார் தட்டினாலும் முதலில் மேலதிகாரியைக் கேட்டுவிட்டுத்தான் திறப்பார். ஒரு வாரத்தில் பேசிவிடுவார் என்று அவள் நினைத்தாள். ஒரு மாதத்தில் அவள் கூப்பிடுவாள் என்று அவர் நினைத்திருக்கலாம். இரண்டு அறை வீட்டில் இரண்டு பேர் ஒருவரையொருவர் சுற்றிப்போகப் பழகிக்கொண்டார்கள்.

பூனை கிடங்கிலிருந்து வந்தது. அட்டைப்பெட்டி அடுக்குக்கு மேலே உட்கார்ந்து கீழே வேலை செய்பவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது, சாம்பல் நிறக் குட்டி. "ஒரு வேலையும் செய்யாம எல்லாரையும் முறைக்குது பாருங்க, சாட்சாத் மேனேஜர்" என்றான் ஃபோர்க்லிஃப்ட்காரன். அந்தப் பேரோடு அதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

வந்து சில நாள் கழித்து, அவள் சமையலறையில் நிற்கும்போது பின்னாலிருந்து குரல் கேட்டது. வெகுநாள் பூட்டிக் கிடந்த குரல், கரகரத்தது.

"மேனேஜர், கேஸ் தீரப்போகுதுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

அவள் திரும்பவில்லை. குட்டி இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து கால் நக்கிக்கொண்டிருந்தது. அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "மேனேஜர், புக் பண்ணியாச்சுன்னு சொல்லு."

அன்றிலிருந்து அந்த வீட்டில் பேச்சு அப்படித்தான் நடந்தது. மின்சாரம், மருந்து, மருமகள் ஃபோன் பண்ணியது எல்லாம் மேனேஜர் வழியாகப் போகும், மேனேஜர் வழியாக வரும். குத்தலும் அப்படித்தான்.

"மேனேஜர், பட்டன் இல்லாத சட்டையவே மாட்டிக்கிட்டு ஊர்சுத்தறவங்கள என்னன்னு சொல்றது?"

"தச்சுக் குடுக்க நாதியில்லாதவங்கன்னு சொல்லு, மேனேஜர்."

சொன்ன பிறகு சட்டையைக் கழற்றி நாற்காலியில் போடுவார். அவள் தைத்து வைப்பாள். பேச்சின் நடுவில் பூனை எழுந்து போய்விட்டால் பேச்சும் அங்கேயே நின்றுவிடும். திரும்பி வரும்வரை இருவரும் காத்திருப்பார்கள். "ஆபீசர் வெளிய போயிருக்கார்" என்று அவர் ஒருமுறை சுவரைப் பார்த்துச் சொன்னார். அவள் சிரித்துவிட்டாள். சிரித்தது அவருக்குத் தெரியக்கூடாது என்று குனிந்துகொண்டாள்.

மேனேஜரின் சாப்பாடும் கிடங்கிலிருந்துதான். கிழிந்த பூனைத் தீனிப் பாக்கெட்டுகளை மூலை வெட்டி எடுத்துவந்து, மூடியுள்ள பெரிய டப்பாவில் கொட்டிவைப்பாள். பழையது தீருவதற்குள் புதியது வந்துவிடும். அதன் மேலேயே கொட்டுவாள். வெறும் பாக்கெட் அப்போதே குப்பைக்குப் போகும்.

ஒரு நாள் காலையில் கிடங்குக்குள் பூனைத் தீனி மூட்டைகள் திரும்பி வந்துகொண்டிருந்தன. கிழியாதவை, நனையாதவை. கடைகளிலிருந்து அப்படியே ஏற்றி அனுப்பியிருந்தார்கள். வண்டி வண்டியாக வந்து அவள் மேசைக்கு எதிரே சுவராக எழுந்தன. வழக்கப்படி கத்திரியை எடுத்தாள்.

"அக்கா, அக்கா! வைங்க கீழ." மேற்பார்வையாளர் ஓடிவந்தார். "இதுல கத்திரி படக்கூடாது. நம்பரோட முழுசா கம்பெனிக்குப் போகணும்."

"என்ன ஆச்சு?"

"என்னமோ கலந்துடுச்சாம். பூனைங்களுக்குக் கிட்னி போகுதாம். போன வாரமே டிவில எல்லாம் சொல்லிட்டாங்களேக்கா, பாக்கலையா நீங்க?"

மஞ்சள் மூட்டை, மீன் படம். போன மாதம் அதில் இரண்டு கிழிந்து வந்தன. இரண்டையும் அவள்தான் எடுத்துப்போனாள். மேனேஜர் நேற்று தட்டில் பாதி வைத்துவிட்டுத் தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் காலி செய்தது நினைவுக்கு வந்தது. வெயிலுக்குத்தான் என்று நினைத்திருந்தாள்.

அனுமதி கேட்டாளா, சொல்லாமல் கிளம்பினாளா என்று பிறகு அவளுக்கே தெரியவில்லை.

வீட்டில் அவர் குளியலறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே, ஈரத் தரையில் மேனேஜர் வயிற்றைப் பரத்திப் படுத்திருந்தது. அவளைப் பார்த்ததும் அவர் பூனையிடம் சொன்னார்:

"மேனேஜர், காலைலேருந்து வாந்தியா எடுக்கறேன்னு சொல்லு. ஒண்ணுக்கும் போகலன்னு சொல்லு."

பூனை தலையைத் திருப்பவில்லை.

கீழ்வீட்டுத் தையல்காரம்மா ஏறி வந்தாள். அவள் வராத நல்லது கெட்டது அந்தக் கட்டடத்தில் கிடையாது. "உப்புத்தண்ணி கரைச்சு ஊத்துடி. எல்லாம் வெளிய வந்துடும். எங்க நாய்க்கு அப்படித்தான் செஞ்சோம்."

"பொழைச்சுதா?"

"அது வேற விஷயம்."

இவள் தம்ளரில் உப்பைப் போட்டே விட்டாள். கை நின்றது. மிருக ஆஸ்பத்திரி எண்ணைத் தேடி அழைத்தாள். எடுத்த டாக்டரம்மாவின் குரலில் அவசரம் இருந்தது, பதற்றம் இல்லை.

"உப்பெல்லாம் குடுக்காதீங்க. பால், எண்ணெய், மனுஷ மாத்திரை எதுவும் வேண்டாம். வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. அந்தத் தீனிய இதோட நிறுத்திடுங்க, ஆனா தூக்கிப் போட்டுடாதீங்க. மிச்சத்த மூடி எடுத்துட்டு வாங்க. பாக்கெட் இருந்தா கண்டிப்பா வேணும். வேற பூனை இருக்கா வீட்ல?"

"இல்ல. ஒண்ணுதான்."

"உடனே கிளம்புங்க. நாளைக்குப் பாக்கலாம்னு இருக்காதீங்க."

அவர் அதற்குள் துணிக்கூடையைக் கவிழ்த்துக் காலிசெய்து, தன் பழைய சட்டையை உள்ளே விரித்திருந்தார். டப்பாவை அவள் எடுத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி ஒரு பழைய வங்கிக் கட்டடத்தில் இருந்தது. பணம் வாங்கிய கம்பிச் சன்னலுக்குப் பின்னால் மருந்து வைத்திருந்தார்கள்.

"பேரு?"

"மேனேஜர்."

டாக்டரம்மா பேனாவை நிறுத்தினாள். "பூனையோட பேரு கேட்டேன்."

"அதுதாங்க."

சிரிக்கலாமா என்று யோசித்து, மேசைமேல் கிடந்ததைப் பார்த்து வேண்டாம் என்று விட்டாள். வயிற்றை இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தாள். வாயைத் திறந்து முகர்ந்தாள். முன்காலில் மயிரை மழித்து ரத்தம் எடுத்தாள். மேனேஜர் எதற்கும் சண்டை போடவில்லை. யாரையும் தொடவிடாத பூனை அது.

"பாக்கெட் கொண்டு வந்தீங்களா?"

"இல்ல. அப்பவே போட்டுடுவேன்."

"நம்பராவது ஞாபகம் இருக்கா? எல்லா மூட்டையும் கெட்டதில்ல. குறிப்பிட்ட சில நம்பர்தான். அது தெரிஞ்சா என்ன கலந்திருக்குன்னு கம்பெனிக்காரங்ககிட்ட கேட்டு அதுக்கேத்த மாதிரி பாக்கலாம்."

"நம்பரை வெட்டிடுவோம்."

"யாரு வெட்டறது?"

"நான்தான்" என்றாள்.

டாக்டரம்மா டப்பாவைத் திறந்தாள். பழுப்பில் உருண்டையானது, சிவப்பில் சதுரமானது, மீன் வடிவில் ஒன்று. விரலால் கிளறினாள்.

"இது எத்தனை பாக்கெட்டும்மா?"

"கிழிஞ்சு வர்றத எல்லாம் ஒண்ணாக் கொட்டி வச்சுக்குவேன்."

"ஆய்வுக்கு அனுப்பறேன். ஆனா இப்படிக் கலந்து கிடந்தா ஒண்ணும் தெரியாமலே போகலாம்."

"அப்ப இதனாலதானா டாக்டர்?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். கிட்னி கெடறதுக்கு வேற காரணமும் உண்டு." டப்பாவை மூடிக் கையை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "இதுதான்னு வச்சுக்கிட்டா, செய்தி வந்த அன்னைக்கே நிறுத்தியிருக்கணும். ஒரு வாரம் ஆச்சே."

"எங்களுக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

கணவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூனையை உள்ளே கொண்டுபோய் டிரிப் ஏற்றினார்கள். வெளியே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். நடுவில் காலிக் கூடை. எதிரில் ஒருவர் துண்டால் சுற்றிய கிளியோடு இருந்தார். கிளி யாரையோ கெட்ட வார்த்தையில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அவர் தலைகுனிந்து அதை மூடினார்.

"டிவில சொன்னான்" என்றார் கணவர்.

கூடையில் எதுவும் இல்லை. அவர் யாரிடம் சொன்னார் என்று அவளுக்கு ஒரு கணம் பிடிபடவில்லை.

"எப்ப?"

"போன வாரம். நீ துணி துவைச்சிட்டு இருந்த."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேன்."

"எப்ப சொன்னீங்க?"

"அதுகிட்ட சொன்னேன். பால்கனில. உங்க தீனில ஏதோ கலந்துடுச்சாம், என்ன கம்பெனின்னு படிக்கறதுக்குள்ள டிவில எழுத்து ஓடிடுச்சு, உங்கம்மாவுக்குத்தான் தெரியும், சொல்லிடுன்னு." நிறுத்தினார். "நீ உள்ளதான் இருந்த. கேட்டிருக்கும்னு நெனச்சேன்."

"குழாய் ஓடிட்டிருந்துது."

"அன்னைக்கு ராத்திரி நீ தட்டுல போட்டத பாத்தேன். நம்மளுது அந்தக் கம்பெனி இல்ல போலருக்கு, தெரிஞ்சுதான் நீ போடறேன்னு நெனச்சேன். தினமும் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

"பாத்துட்டு சும்மா இருந்தீங்க."

அவர் காலிக் கூடையின் விளிம்பைத் தடவினார்.

"அன்னைக்கும் தூங்கட்டும்னு விட்டீங்க" என்றாள். "இன்னைக்குப் பூனைகிட்ட சொன்னேங்கறீங்க."

அவர் வாய் திறந்தது. கிளி கத்தியது. உள்ளே வரச்சொல்லி உதவியாளர் கூப்பிட்டார்.

மறுநாள் வேலைக்கு நடுவில் அவள் கிடங்கு முழுக்கச் சுற்றினாள். மீன் படம் போட்ட மஞ்சள் மூட்டையை இதற்கு முன் யார் எடுத்துப் போனது என்று ஆள் ஆளாகக் கேட்டாள். காவல்காரர் எடுத்திருந்தார். அவருடைய பூனை நன்றாக இருந்தது. "தின்னுட்டு ஊர் மேயுது" என்றார். அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது, பொறுக்காமலும் இருந்தது. ஃபோர்க்லிஃப்ட்காரன் தன் சித்தி வீட்டுக்குக் கொடுத்திருந்தான். ஃபோன் போட்டுக் கேட்டுவிட்டு வந்தான். முகம் மாறியிருந்தது.

"ஒண்ணு போயிடுச்சாம்க்கா. போன மாசமே. பக்கத்து வீட்டுக்காரன் எலி மருந்து வச்சுட்டான்னு அவன்கூட சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க."

"சித்திகிட்ட மூலை இருக்காது" என்றாள்.

"எங்கேருந்து இருக்கும்? நீங்க விட்டாத்தானே."

கிண்டலாக அவன் சொல்லவில்லை. அதற்கு முன் எத்தனை பேருக்கு எது போனது என்று அவளுக்கு நினைவில்லை. வாளியில் விழுந்ததெல்லாம் எப்போதோ நசுங்கிப்போய்விட்டது.

சாயங்காலங்களில் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சேர்ந்து அல்ல. அவர் முழங்கால் வலியோடு முன்னால் கிளம்பிவிடுவார், அவள் கிடங்கிலிருந்து நேரே வருவாள். அவள் வரும்போது அவர் கூண்டுக் கம்பிக்குள் ஒரு விரலை விட்டுக்கொண்டு நிற்பார். முன்பானால், டாக்டர் வந்தாங்கன்னு சொல்லு, தண்ணி குடிச்சேன்னு சொல்லு என்று பத்துச் செய்தி அதனிடம் சொல்லியிருப்பார். இப்போது சொல்வதில்லை. பெஞ்சில் பேசியதற்குப் பிறகு பூனையிடம் பேசவும் அவருக்குக் கூசியது போலிருந்தது. அவளிடம் பேசவும் வரவில்லை. இருந்த ஒரு வழியும் அடைபட்டதுதான் மிச்சம்.

ரத்தத்தில் எண்கள் இறங்கவில்லை. டாக்டரம்மா இருவரையும் உள்ளே கூப்பிட்டாள். மேனேஜர் ஒரு போர்வைத் துண்டின் மேல் கண்ணைத் திறந்தபடி கிடந்தது. வாயில் எச்சில் வடிந்து தாடை ஒட்டியிருந்தது.

"டிரிப்ப இன்னும் சில நாள் நீட்டலாம். ஒண்ணுக்கே போகல, இனிமே வரும்னு நான் நம்பல. இல்லன்னா தூங்க வச்சுடலாம். வலிக்காது. நீங்கதான் சொல்லணும்."

"அவரைக் கேளுங்க" என்றாள்.

டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பினாள்.

"அவங்களைக் கேளுங்க" என்றார்.

திரும்பவும் இந்தப் பக்கம் பார்த்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே வீடுதானே?"

"ஆமா" என்றார்கள் இருவரும், ஒரே சமயத்தில்.

டாக்டரம்மா பூனையின் காதுக்குப் பின்னால் தடவிக்கொடுத்தாள். கணவர் சொல்வார் என்று இவள் காத்திருந்தாள். வேண்டாம் என்று சொன்னாலும் சரி, போதும் என்று சொன்னாலும் சரி, அவர் வாயிலிருந்து ஒரு சொல் தன்னைப் பார்த்து வந்தால் போதும் என்றிருந்தது. மேனேஜர் மூச்சை இழுத்தது. விட்டது. நடுவில் இருந்த இடைவெளியை அவளால் பார்க்க முடியவில்லை.

"போதும் டாக்டர்" என்றாள்.

அவர் தன் பெரிய கையை அதன் தலைமேல் வைத்தார். லிஃப்ட் கயிறு தேய்த்துக் காய்த்துப்போன கை, தலை முழுவதையும் மூடிவிட்டது. ஊசி போட்டது, முடிந்தது எல்லாம் அந்தக் கைக்குக் கீழேதான் நடந்தது. அவள் பார்த்தது கையை மட்டுமே.

தட்டு, கரண்டி, தண்ணீர்க் கிண்ணம் எல்லாவற்றையும் கொதிநீரும் சோப்பும் போட்டுக் கழுவச் சொல்லியிருந்தாள் டாக்டரம்மா. அவள் வேலையிலிருந்து வருவதற்குள் அவர் அதைச் செய்துவிட்டார். சமையலறைத் தரையையும் துடைத்திருந்தார். கழுவியவற்றை எங்கே வைத்தார் என்று அவள் தேடவில்லை. ஆய்விலிருந்து சில வாரம் கழித்து ஃபோன் வந்தது. உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை, மாதிரி கலப்பாக இருந்தது என்றார்கள்.

வீடு நடந்துகொண்டுதான் இருந்தது. கேஸ் தீர்ந்தால் காலி சிலிண்டரை வாசலில் உருட்டி வைப்பார், அவள் பார்த்துக்கொள்வாள். பட்டன் போன சட்டை நாற்காலிக்கு வரும், தைத்து அங்கேயே வைப்பாள். மருமகள் பேசினால் ஃபோனை அவர் முன்னால் மேசையில் வைத்துவிட்டுப் போவாள். எதுவும் தடைப்படவில்லை. யாரும் யாரையும் குத்திப் பேசவும் இல்லை.

ஒரு நாள் ஃபோர்க்லிஃப்ட்காரன் அவளைப் பின்பக்கம் கூட்டிப்போனான். பழைய பலகைகளுக்கு அடியில் மூன்று குட்டிகள். ஒன்று வெளியே வந்து அவன் பூட்ஸ் கயிற்றைக் கடித்தது.

"இத எடுத்துக்குங்கக்கா. ரௌடி. உங்களுக்குத்தான் சரிப்படும்."

"அவரைக் கேக்கணும்."

"கேட்டுட்டு வாங்க. ரெண்டு நாள் வச்சிருக்கேன்."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். கிடங்குல ஒரு குட்டி இருக்கு. கிடங்குல ஒரு குட்டி இருக்காம். குட்டி ஒண்ணு எடுத்துக்கச் சொல்றாங்க, உங்களுக்கு எப்படி? பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போய் எதிரே நின்றாள். அப்படி நின்று எத்தனையோ வருடமாகிவிட்டது. அவர் ஒலியைக் குறைத்தார். நிமிர்ந்து பார்த்தார். காத்திருந்தார். அவர் கண்கள் ஓரத்தில் பழுத்திருந்ததை அப்போதுதான் கவனித்தாள். வழியெல்லாம் வந்த வாக்கியம் நாக்கில் இருந்தது. ஆனால் எங்கே தொடங்குவது? அந்த வீட்டில் எந்தப் பேச்சும் ஒரு பேரைக் கூப்பிட்டுத்தான் தொடங்கும். அந்தப் பேர் இல்லாமல் முதல் சொல் வெளியே வரவில்லை. அவர் பார்வை மெல்லத் தரைக்கு இறங்கி, அவள் காலுக்குப் பக்கத்தில் வெறுமையாக இருந்த இடத்தில் போய் நின்றது.

அவள் சமையலறைக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து டிவியின் ஒலி ஏறியது.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாள் எதிரே போய் நிற்கவும் இல்லை.

"என்னக்கா, கேட்டீங்களா?"

"இல்ல."

"மாமா வேண்டாம்னுட்டாரா?"

"அவர் ஒண்ணும் சொல்லல."

அவன் தலையைச் சொறிந்தான். "கேன்டீன்காரம்மா கேட்டுட்டே இருக்காங்க. அவங்களுக்குக் குடுத்துடவா?"

"குடுத்துடு" என்றாள். மேசையில் ஒரு நனைந்த பாக்கெட் காத்திருந்தது. எடுத்து, மூலையைப் பிடித்து, வெட்டாமல் வைத்திருந்தாள். அவன் வண்டியைக் கிளப்பிவிட்டான்.

"இங்க பாரு" என்று பின்னாலிருந்து கத்தினாள். "கிழிஞ்ச பாக்கெட் எதையும் போடவேண்டாம்னு அந்தம்மாகிட்ட சொல்லு. போடறதா இருந்தா பாக்கெட்டத் தூக்கிப் போடாம வச்சிருக்கச் சொல்லு."

"சரிக்கா, யார்கிட்டயாவது சொல்லிவிடறேன்."

"சொல்லிவிடாத" என்றாள். "நீ போ. எதிர்ல நின்னு, மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

இயந்திரச் சத்தத்தில் அவன் கையை மட்டும் ஆட்டினான். கேட்டதற்கா, போய்வருகிறேன் என்பதற்கா, தெரியவில்லை.